மட்டசனம்

ஞான உபதேசத்தில் தலையான பாவங்கள் ஏழையும், அவற்றிற்கு எதிரான புண்ணியங்கள் ஏழையும் என் பாட்டி எனக்கு மனப்பாடம் செய்வித்தபோது எனக்கு ஏழு வயதிருக்கும். மாலைச் செபம் முடிந்ததும் திண்ணையில் உட்கார்த்தி வைத்து ஒவ்வொன்றாகக் கேட்பார். அகங்காரத்திற்குத் தாழ்ச்சி, உலோபித்தனத்திற்கு உதாரம் என்று வரிசையாக ஒப்பித்துக்கொண்டு வருவேன். போசனப்பிரியத்திற்கு வரும்போது மட்டும் நாக்குத் தடுமாறும். அதற்கு எதிரான புண்ணியம் மட்டசனம். பொருள் புரியாத சொல். மட்டு, அசனம் என்ற இரு சொற்கள் அதில் ஒட்டியிருக்கின்றன என்பதைக் குருமடத்தில் சேர்ந்த பிறகே கண்டுகொண்டேன். அசனம் என்றால் சிறுவனாகிய எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். திருவிழாவின் மறுநாள் புனித அந்தோணியார் பெயரால் கோயில் வளாகத்தில் கிடாரம் ஏற்றி, ஊர் முழுவதற்கும் இலை போட்டுப் பரிமாறும் சோறும் ஆட்டுக்கறிக் குழம்பும்தான் அது. அந்த அசனத்திற்கும் பாட்டியின் மட்டசனத்திற்கும் என்ன உறவு என்று அன்று நான் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அடி விழுந்திருக்கும்.

இன்று கேட்கிறேன். கேட்க வைத்தவர் மருத்துவர். இரத்தத்தில் சர்க்கரை மிகுந்துவிட்டது என்று அவர் சொல்லிச் சில ஆண்டுகள் ஆகின்றன. 2023ஆம் ஆண்டு வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நம் நாட்டில் நீரிழிவுடன் வாழ்வோர் 10.1 கோடிப் பேர் என்று மதிப்பிட்டது. அந்தப் பெருங்கூட்டத்தில் நானும் ஒருவன். பங்குத்தந்தைக்கு இந்த நோய் வந்தால் அது தனி வகைச் சோதனை. எந்த வீட்டை மந்திரிக்கப் போனாலும் தட்டில் பலகாரம் வரும். வேண்டாம் என்றால் வீட்டுக்காரர் முகம் வாடும். உண்டால் உடல் கெடுகிறது, மறுத்தால் அன்பு நோகிறது. இந்த இக்கட்டில்தான், உணவின் இன்பத்தையும் உடலின் நலத்தையும் ஒருசேரப் பேசிய பழைய நூல்கள் எவையேனும் நம் திருச்சபையின் மரபில் உண்டா என்று தேடத் தொடங்கினேன்.

தேடலுக்கு முன் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். குருப்பட்டம் பெற்ற புதிதில், ஒரு கடற்கரைப் பங்கில், தவக்கால மறையுரையில் நாவின் சுவையே ஆன்மாவின் பகை என்று முழங்கினேன். பூசை முடிந்ததும் மீன் விற்கும் தாய் ஒருவர் வந்து, "சாமி, நாங்க ருசிக்குன்னு சாப்பிட்டு எத்தனையோ நாளாச்சு. எதை விடணும்னு சொல்லுங்க" என்றார். கேலி செய்யவில்லை, உண்மையாகவே கேட்டார். என்னிடம் மறுமொழி இல்லை.

அன்றைய மறையுரைக்கு நான் துணையாகக் கொண்டவர் புனித அகுஸ்தீனார். தம் 'ஒப்புதல்கள்' நூலின் பத்தாம் பகுதியில் அவர் உணவை மருந்துபோல உட்கொள்ளக் கற்றதாக எழுதுகிறார். பசியின் நோவிலிருந்து நிறைவின் அமைதிக்குச் செல்லும் வழியில் இன்பம் கண்ணி வைத்துக் காத்திருக்கிறது என்பதும், உடலின் தேவை எங்கே முடிகிறது, ஆசை எங்கே தொடங்குகிறது என்று பிரித்தறிய இயலவில்லை என்பதும் அவருடைய கலக்கம். பேரறிஞரின் நேர்மையான கலக்கம் அது. ஆனால் நான் அதை ஒரு சட்டமாக்கி ஏழைகளின் தலையில் வைத்துவிட்டேன்.

புனித அக்குவினா தோமா வேறு வழியில் செல்கிறார். உயிரைக் காக்கத் தேவையான செயல்களோடு இயற்கையே இன்பத்தை இணைத்து வைத்திருக்கிறது. ஆகவே அந்த இன்பத்தை அறவே வெறுத்து ஒதுக்குவது ஒரு தீயொழுக்கம் என்கிறார் அவர். உணர்வின்மை என்று அதற்குப் பெயரும் தருகிறார். இறையியல் தொகுப்பின் இரண்டாம் பாகத்தில், மட்டுமிதம் பற்றிய கேள்விகளின் நடுவே இதைக் காணலாம். அறிந்தே, தன் இயல்பு கடுமையாக நலிவுறும் அளவுக்குத் திராட்சை மதுவை விலக்குபவன்கூடக் குற்றமற்றவன் அல்லன் என்றும் அதே தொகுப்பில் ஓரிடத்தில் எழுதுகிறார். இதைப் படித்து மகிழக்கூடியவர்கள் என் பங்கில் சிலர் உண்டு. அவர்கள் மதுவிலக்கைப் பற்றிய இந்த ஒரு வரியோடு நில்லாமல், குடிவெறியைப் பற்றி அவர் எழுதிய முழுக் கேள்வியையும் படிக்குமாறு வேண்டுகிறேன்.

இனி நான் சொல்ல வந்த மனிதருக்கு வருகிறேன். இத்தாலியில் கிரெமோனா நகருக்கு அருகில் பியாதேனா என்ற சிற்றூரில் 1421இல் பிறந்தவர் பார்த்தொலொமேயோ சாக்கி. தம் ஊரின் இலத்தீன் பெயரையே தமக்குச் சூட்டிக்கொண்டு பிளாத்தீனா என்று வழங்கப்பட்டார். இளமையில் சில ஆண்டுகள் கூலிப் படையில் போர்வீரர். பிறகு மாந்துவா நகரில் மாணவர். அங்கேயே கொன்சாகா என்ற ஆளுங்குடும்பத்துப் பிள்ளைகளுக்கு ஆசிரியர். பின்னர் புளோரன்ஸ் நகரில் கிரேக்கம் பயின்றவர். உரோமைக்கு வந்து, திருத்தந்தை இரண்டாம் பயஸ் காலத்தில் திருமடல்களை வரையும் எழுத்தர் குழுவில் இடம் பெற்றார். 1464இல் இரண்டாம் பவுல் திருத்தந்தையானதும் அந்தக் குழுவைக் கலைத்தார். வேலை இழந்த பிளாத்தீனா, பொதுச்சங்கத்தைக் கூட்டுமாறு அரசர்களைத் தூண்டுவோம் என்ற தொனியில் திருத்தந்தைக்கே கடிதம் எழுதினார். விளைவு, காஸ்தெல் சாந்தாஞ்செலோ கோட்டையில் குளிர்காலத்தின் நான்கு மாதச் சிறை. 1468இல் மீண்டும் கைது. திருத்தந்தைக்கு எதிரான சதி, பழைய உரோமையரின் புறச்சமயப் பித்து எனப் பல குற்றங்கள் அவர்மீதும் நண்பர்கள்மீதும் சாட்டப்பட்டன. சித்திரவதையும் நடந்தது. சதி மெய்ப்பிக்கப்படவில்லை, மறு ஆண்டு விடுதலையானார்.

இந்த இரு சிறைவாசங்களுக்கும் இடையில், 1465ஐ ஒட்டி, அவர் எழுதியதாக ஆய்வாளர் கருதும் நூல்தான் 'நேர்மையான இன்பமும் நல்ல உடல்நலமும் பற்றி' என்று நாம் தமிழில் சொல்லத்தக்க இலத்தீன் நூல். பார்த்தொலொமேயோ ரொவெரெல்லா என்ற கர்தினாலுக்கு அது படைக்கப்பட்டிருக்கிறது. 1470ஐ ஒட்டி உரோமையில் அச்சேறியது. அச்சிடப்பெற்ற சமையல் நூல்களில் இதுவே முதலாவது என்பது பொதுக் கருத்து. குட்டன்பர்க் திருவிவிலியத்தை அச்சிட்டு 15 ஆண்டுகளுக்குள் மனிதன் சமையலுக்கு வந்துவிட்டான் என்று ஒரு நண்பர் வேடிக்கையாகச் சொல்வார்.

தலைப்பிலுள்ள 'இன்பம்' என்ற சொல் தம்மீது பழி கொண்டுவரும் என்று பிளாத்தீனாவுக்குத் தெரியும். ஆகவே முன்னுரையிலேயே தடுப்புச் சுவர் எழுப்புகிறார். பெருந்தீனிக்காரரின் இன்பத்தையோ காமுகரின் இன்பத்தையோ தாம் பேசவில்லை; உணவில் அடக்கம் காப்பவர்க்கும் இயற்கை வேண்டுவதை மட்டும் கொள்பவர்க்கும் வாய்க்கும் இன்பத்தையே பேசுகிறேன் என்பது அவர் வாதம். நோயாளிக்கு மருத்துவர் நலத்தைத் தேடித் தருவதுபோல, நலமாயிருப்பவர் அந்த நலத்தைக் காத்துக்கொள்ள உதவுவதும் நற்பணியே என்கிறார்.

நூல் பத்துப் பகுதிகளைக் கொண்டது. சமையல் நூல் என்று எண்ணிப் புரட்டுபவர் ஏமாந்து போவார். அடுப்பைப் பற்ற வைக்க அவர் நெடுநேரம் எடுத்துக்கொள்கிறார். எத்தகைய இடத்தில் வீடு அமைய வேண்டும், எந்த உடற்பயிற்சி ஏற்றது, எப்படி விளையாடலாம், எப்படித் தூங்கலாம், பருவத்திற்கு ஏற்ப மேசையை எவ்வாறு விரிப்பது, எதை முதலில் உண்பது என்று தொடங்குகிறார். பிறகு கனிகள், கீரைகள், வாசனைப் பொருட்கள், இறைச்சி வகைகள் ஒவ்வொன்றின் குணத்தையும் விளக்குகிறார். எல்லாமே பழைய கிரேக்க மருத்துவத்தின்படி: இது சூடு, இது குளிர்ச்சி, இது ஈரம், இது வறட்சி, இது பித்தத்தைக் கூட்டும், இது கோழையைக் கரைக்கும். வாதம், பித்தம், கபம் என்று பேசும் வீடுகளில் வளர்ந்த நமக்கு அந்தப் பக்கங்கள் அந்நியமாகத் தோன்றுவதில்லை. முன் உண்டது செரித்ததறிந்து உண்க என்ற கருத்தை மருந்து என்னும் அதிகாரத்தில் வைத்த வள்ளுவரும் இந்த உரையாடலில் வந்து அமரக்கூடியவரே. அந்தப் பழைய மருத்துவக் கொள்கையை இன்றைய அறிவியல் கைவிட்டுவிட்டது என்பதை மறக்கலாகாது. ஆயினும் இடம், காற்று, உழைப்பு, உறக்கம், மனமகிழ்ச்சி இவற்றோடு சேர்த்தே உணவைப் பார்க்க வேண்டும் என்ற அதன் பார்வை பழுதற்றது. என் மருத்துவர் தந்த தாளில் எதைத் தின்னக் கூடாது என்ற பட்டியல் மட்டுமே இருந்தது.

செய்முறைகள் பிற்பகுதியில் வருகின்றன. அவை பிளாத்தீனாவின் கைவண்ணம் அல்ல. அக்காலத்தில் உரோமையில், அக்குவிலேயா மறைமுதுவராகிய கர்தினால் திரெவிசானின் அடுக்களையில் தலைமைச் சமையற்காரராக இருந்தவர் மார்த்தினோ. தாம் எழுதுவதில் பெரும்பகுதி அவரிடம் கற்றதே என்று பிளாத்தீனா வெளிப்படையாகப் புகழ்ந்து சொல்கிறார். ஆனாலும் பல நூற்றாண்டுகள் பேராசிரியரின் பெயரே நின்றது. சமையற்காரரின் பெயர் மங்கியது. மார்த்தினோவின் சொந்தக் கையெழுத்துச் சுவடியின் படி ஒன்று 20ஆம் நூற்றாண்டில் வேலிங் என்ற இன்னொரு சமையற்கலைஞரின் கைக்கு வந்தது. இலத்தீன் நூல் எவ்வளவு கடன்பட்டிருக்கிறது என்பதை எடுத்துக்காட்டியவர் அவர். அந்தச் சுவடி இப்போது வாஷிங்டனில் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் இருக்கிறது. அடுப்படியில் நின்றவனின் உழைப்பை இன்னொரு அடுப்படிக்காரனே மீட்டான் என்பது எனக்கு நிறைவு தரும் செய்தி.

மார்த்தினோவின் சுவடியில் கடிகாரம் இல்லை. முட்டையை வேகவைக்க வேண்டிய நேரத்தை, ஒரு பரலோக மந்திரம் சொல்லும் நேரம், அல்லது அதற்குச் சற்றுக் கூடுதல் என்று அளக்கிறார். செபமும் அடுப்பும் இவ்வளவு இயல்பாகக் கலந்திருந்த காலம் அது. தவக்காலத்தில் இறைச்சியோடு முட்டை, பால், வெண்ணெய் ஆகியவையும் விலக்கப்பட்டிருந்தன. அதனால் வாதுமைப் பாலைக்கொண்டு தவக்காலத்திற்கென்று பொய் முட்டை செய்யும் முறையும் அந்தச் சுவடியில் உண்டு! ஒறுத்தலின் சட்டத்தைக் காத்து, அதன் நோக்கத்தை நாக்கு எப்படி ஏமாற்றும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா என்று சிரித்தேன். பிறகு, வெள்ளிக்கிழமைகளில் நம் இல்லங்களில் மணக்கும் இறால் தொக்கு நினைவுக்கு வந்தது, சிரிப்பை நிறுத்திக்கொண்டேன்.

பிளாத்தீனா மிகவும் விரும்பிய உணவு ஒன்றுண்டு. காயடித்த சேவலின் நெஞ்சுக்கறியை வாதுமையோடு அரைத்து, இஞ்சியும் சர்க்கரையும் சேர்த்து வெண்மையாகச் செய்வது. பண்டைய உரோமையரின் புகழ்பெற்ற சமையலைவிட இதையே விரும்புவதாக எழுதுகிறார். பண்டையோரைத் தெய்வமாகக் கொண்டாடிய மறுமலர்ச்சிக் கால அறிஞர், மற்ற எல்லாக் கலைகளிலும் முன்னோர் நம்மை வென்றாலும் சுவையில் மட்டும் நாம் தோற்கவில்லை என்று அறிவிக்கும் இடம் அது. அந்த இஞ்சி நம் மலையாளக் கரையிலிருந்து மிளகோடு சேர்ந்து கப்பலேறி, அலெக்சாந்திரியா வழியாக வெனிசு வணிகரின் கைக்குப் போன சரக்கு. வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் இறங்க இன்னும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்தன.

சர்க்கரையும் நம் நாடு கொடுத்த கொடைதான். வடமொழியின் சர்க்கரா அரபியில் சுக்கர் ஆகி, இத்தாலியில் சூக்கெரோ ஆயிற்று. முன்னோர் அதை மருந்துக்கு மட்டுமே பயன்படுத்தினர் என்று பிளாத்தீனா குறிப்பிட்டுவிட்டு, சர்க்கரை சேர்ப்பதால் கெட்டுப்போகும் உணவு எதுவும் இல்லை என்ற பழமொழியை உடன்பாட்டோடு எடுத்துரைக்கிறார். இந்த இடத்தைப் படித்தபோது புத்தகத்தை மூடிவைத்தேன். உடல்நலத்தைக் காப்பதற்கென்றே நூல் எழுதிய மனிதர் என் நோயின் பெயரையே மருந்து என்று சொல்லிச் செல்கிறார்! அவர் மேல் பிழை சொல்லவும் முடியாது. அன்று சர்க்கரை விலை மிகுந்த பொருள், சிட்டிகையாக விழுந்தது. பின்வந்த நூற்றாண்டுகளில் அட்லாண்டிக் தீவுகளிலும் பிரேசிலிலும் கரிபியனிலும் அடிமைகளின் முதுகின்மேல் எழுந்த கரும்புத் தோட்டங்கள்தாம் சிட்டிகையைக் கரண்டியாக்கின. அந்தக் கதை தனியே எழுதத் தக்கது.

தாம் தரும் உணவு எல்லாம் நல்லது என்று பிளாத்தீனா சாதிப்பதில்லை. செய்முறையை ஆர்வத்தோடு விவரித்துவிட்டு, இது செரிக்காது, கண்ணுக்குக் கேடு, இதில் நன்மை இல்லை என்று முடித்துவிடுவதும் உண்டு. இன்ன உணவு தம் நண்பர் இன்னாருக்கு ஆகாது என்று பெயர் சொல்லிச் சீண்டுவதும் உண்டு. சேர்ந்து உண்ட மனிதர்களின் சிரிப்பு அந்தப் பக்கங்களில் கேட்கிறது. பின்னாளில் அதே நண்பர்களோடுதான் அவர் சிறை சென்றார்.

அவருடைய பிற்காலம் நன்றாக அமைந்தது. திருத்தந்தை நான்காம் சிக்ஸ்துஸ் 1475இல் அவரை வத்திக்கான் நூலகத்தின் பொறுப்பாளராக்கினார். திருத்தந்தையின் முன் அவர் முழந்தாளிட்டிருக்கும் காட்சியை மெலோட்சோ தா போர்லி தீட்டிய ஓவியம் இன்றும் வத்திக்கான் ஓவியக்கூடத்தில் உள்ளது. 1481இல் கொள்ளைநோயில் இறந்தார். அதற்கு முன் திருத்தந்தையரின் வரலாற்றை எழுதி முடித்தார். தம்மைச் சிறையிட்ட இரண்டாம் பவுலை அதில் பழிதீர்த்தார். அந்தத் திருத்தந்தை முலாம்பழத்தையும் நண்டையும் பலகாரத்தையும் விரும்புபவர் என்றும், 1471இல் இரவு இரண்டு பெரிய முலாம்பழங்களை உண்டபின் வலிப்பு வந்து மாண்டார் என்றும் எழுதி வைத்தார். முலாம்பழத்தை வெறும் வயிற்றில் உண்ண வேண்டும், எளிதில் செரிக்காதது என்று சமையல் நூலில் முன்பே எச்சரித்தவரும் இவரே. நேர்மையான இன்பத்தைப் பற்றி எழுதிய கை, பகைவனின் உணவுத் தட்டைக் காட்டிக்கொடுக்கும்போது அவ்வளவு நேர்மையாக இருந்ததா என்பதில் எனக்கு ஐயம் உண்டு. நாவின் பாவங்களில் சுவைப்பது ஒன்றுதான் என்று யார் சொன்னது?

பிளாத்தீனாவின் நூல் வெளிவந்து ஏறத்தாழ தொண்ணூறு ஆண்டுகளுக்குப் பின், நம் அசனங்களின் பாதுகாவலர் துயிலும் பதுவை நகரிலேயே, வேறொரு குரல் எழுந்தது. அல்வீசே கொர்னாரோ செல்வந்தர். புனித அந்தோணியார் பேராலயத்திற்கு அருகே அவர் கட்டுவித்த இசைமண்டபத்தை இன்றும் காணலாம். இளமையில் கட்டின்றி உண்டு குடித்து, நாற்பது வயதை நெருங்குமுன் வயிற்றுவலி, கீல்வாதம், ஓயாத காய்ச்சல் என்று படுத்துவிட்டார். அளவாக உண்டாலன்றிப் பிழைக்க வழியில்லை என்று மருத்துவர்கள் கைவிரித்தனர். அவர் ஒரு நாளுக்குத் திட உணவு 12 அவுன்சு, திராட்சை மது 14 அவுன்சு என்று நிறுத்து உண்ணத் தொடங்கினார். ரொட்டி, முட்டை மஞ்சள்கரு, சிறிது இறைச்சி, கஞ்சி ஆகிய எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 350 கிராம். தம் அனுபவத்தை 1558இல் மிதவாழ்வைப் பற்றிய சொற்பொழிவாக வெளியிட்டார். 78ஆம் வயதில் உறவினர் வற்புறுத்தியதால் இரண்டிரண்டு அவுன்சு கூட்டியதையும், பத்து நாட்களில் எரிச்சலும் சோர்வும் பிடித்து, பின் 35 நாள் காய்ச்சலில் கிடந்ததையும் அவர் விவரிப்பதைப் படித்தால் நம் வீடுகளில் "இன்னும் கொஞ்சம் வச்சுக்கோங்க சாமி" என்று அகப்பையோடு நிற்பவர்கள் கண்முன் தோன்றுவார்கள்.

கொர்னாரோ 1566இல் இறந்தார். நூறு வயதை எட்டியவர் என்று பின்னாளில் பேசப்பட்டார். அவரே தம் வயதைக் கூட்டிச் சொல்லி வந்தார் என்பதும், எண்பதைச் சற்றே தாண்டியிருந்தார் என்பதும் இன்றைய ஆய்வாளர் முடிவு. இந்தச் சிறு பொய்யும் எனக்கு அவரை நெருக்கமாக்குகிறது. யேசு சபையின் லெஸியுஸ் என்ற இறையியலார் அவருடைய நூலை இலத்தீனில் பெயர்த்து, உணவொழுங்கு பற்றித் தாம் எழுதிய நூலோடு சேர்த்து 1613இல் ஆண்ட்வெர்ப் நகரில் வெளியிட்டார்.

தராசை வைத்து உண்பவரை எனக்கு இயல்பாகவே பிடிக்காது. உணவை நிறுத்துக்கொண்டே இருப்பவனும் ஒருவகையில் உணவையே நினைத்துக்கொண்டிருப்பவன்தானே? வேளைக்கு முந்தி உண்பது, விலையுயர்ந்ததைத் தேடுவது, மிகுதியாக உண்பது, அவாவி விழுங்குவது, பக்குவத்தில் மிகையான நுணுக்கம் பார்ப்பது என்று போசனப்பிரியத்தின் ஐந்து வழிகளைப் புனித பெரிய கிரகோரியார் பிரித்துக் காட்டினார். ஆறாவதாக, அஞ்சி அஞ்சி உண்பதைச் சேர்க்கலாம் என்று தோன்றியதுண்டு. ஆனால் கொர்னாரோவை முழுவதும் படித்தபின் என் எண்ணம் மாறியது. அளவு குறைந்தபின்தான் வெறும் ரொட்டியின் சுவையே தமக்குத் தெரிந்தது, முன்பு விருந்துகளிலும் அத்தகைய சுவையை அறிந்ததில்லை என்கிறார். மனிதர் வாடிக்கிடந்தவரும் அல்லர். தோட்டம் வைத்தார், சதுப்பு நிலத்தை விளைநிலமாக்கினார், நாடகக்காரர்களை ஆதரித்தார், பேரக் குழந்தைகளின் பாட்டைக் கேட்டுத் தாமும் சேர்ந்து பாடினார். பிளாத்தீனா சுவையிலிருந்து அளவுக்கு வந்தார். கொர்னாரோ அளவிலிருந்து சுவைக்குத் திரும்பினார்.

இவர்களுக்கெல்லாம் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே புனித ஆசீர்வாதப்பர் தம் ஒழுங்குநூலில் இதைச் சில வரிகளில் முடித்துவிட்டார். துறவியர் மேசையில் சமைத்த உணவு இரண்டு வகை இருக்க வேண்டும் என்கிறார். காரணம், ஒன்றை உண்ண இயலாதவர் மற்றொன்றையாவது உண்ணட்டும் என்பது. நோயுற்றவர்க்கு இறைச்சியும் அனுமதி, குளியலும் அனுமதி. மற்றவர் உடல்நிலையை அறிந்து அளவு சொல்வதற்கே தமக்குத் தயக்கமாக இருப்பதாகவும் எழுதுகிறார். அந்தத் தயக்கம் கடற்கரைப் பங்கில் எனக்கு இருந்திருக்கலாம்.

சென்ற ஆண்டு அசனத்தன்று மாலை, நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டுசெல்லும் வழியில் ஒரு பெரியவரின் வீட்டிற்குப் போனேன். நாற்பது ஆண்டுகள் எங்கள் அசனக் கிடாரத்தின் முன் நின்று சமைத்தவர். நீரிழிவால் ஒரு காலை இழந்து இப்போது படுக்கையில். நற்கருணை வாங்கி, கண்களை மூடி, நெடுநேரம் அமைதியாக இருந்தார். பிறகு கேட்டார்: "உப்பு சரியா இருந்துதா சாமி?"

சற்றுக் குறைவு என்றேன். மகள் வாசலில் நின்று என்னைப் பார்த்தார். "வீட்டுக்கும் ஒரு தூக்குல குடுத்து விட்டிருக்காங்க சாமி. அப்பாவுக்குக் குடுக்கலாமா?" அதைக் கேட்க வேண்டியது மருத்துவரிடம், என்னிடம் கேட்டார். ஒரு கரண்டி என்றேன். சிறு கிண்ணத்தில் சோறில்லாமல் குழம்பு மட்டும் வந்தது. அவர் விரல் நுனியால் தொட்டு நாக்கில் வைத்து, மேற்கூரையைப் பார்த்தபடி காத்திருந்தார்.

"உப்பு இல்ல சாமி" என்றார். "மல்லி வறுபடலை."